முதல் சிடி ஸ்கேனில் ஒன்றும் இல்லை, மறுநாள் எம்ஆர்ஐயில் பக்கவாதம்: எங்கே தவறு நடந்தது?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்ட விதத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். அப்பாவுக்கு 63 வயது. காலை ஆறரை மணிக்கு நாளிதழ் படித்துக்கொண்டிருந்தவருக்குத் திடீரென்று வலது கையும் காலும் விழுந்து, பேச்சும் நின்றுவிட்டது. 108-ஐ அழைத்து, எட்டு மணிக்கெல்லாம் மருத்துவமனையில் சேர்த்துவிட்டீர்கள். போனவுடன் தலைக்கு சிடி ஸ்கேன் எடுத்தார்கள். ‘குறிப்பிடும்படியான மாற்றம் எதுவும் இல்லை’ என்று ரிப்போர்ட் வந்தது. ஆனாலும் ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியைப் போட்டார்கள். மறுநாள் எடுத்த எம்ஆர்ஐயில் மூளையின் இடப்பக்கத்தில் பாதிப்பு தெளிவாகத் தெரிந்தது. மூன்று வாரம் ஆகிவிட்டது. பிடித்துக்கொண்டு நடக்கிறார், பேச்சு இன்னும் சரியாக வரவில்லை. ‘முதலிலேயே எம்ஆர்ஐ எடுத்திருக்க வேண்டும், சிடி எடுத்து நேரத்தை வீணாக்கிவிட்டார்கள்’ என்று சித்தப்பா சொன்னதிலிருந்து உங்களுக்குத் தூக்கம் இல்லை. சிடி பார்த்தவர் கோட்டை விட்டாரா, எம்ஆர்ஐ முதலில் எடுத்திருந்தால் அப்பா நன்றாக இருந்திருப்பாரா, ஒன்றும் இல்லை என்று வந்த பிறகு அவ்வளவு ஆபத்தான ஊசியை எதை நம்பிப் போட்டார்கள், குணமாகிறதா என்று பார்க்க இன்னொரு எம்ஆர்ஐ எடுக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

நான் கதிரியக்க மருத்துவர். பல ஆண்டுகளாக அவசரப் பிரிவிலிருந்து வரும் தலை ஸ்கேன்களைப் படித்துச் சொல்வதுதான் என் அன்றாட வேலை. அப்பாவின் படங்களை நான் பார்க்கவில்லை. அதனால் அந்தக் குறிப்பிட்ட சிடியில் நுணுக்கமான அடையாளம் ஏதாவது இருந்ததா இல்லையா என்று என்னால் தீர்ப்புச் சொல்ல முடியாது. ஆனால் நீங்கள் எழுதியிருக்கும் வரிசை, அதாவது சிடியில் ஒன்றும் இல்லை, ஊசி, மறுநாள் எம்ஆர்ஐயில் பாதிப்பு என்பது, சரியாக நடந்த சிகிச்சையில் வழக்கமாகக் காணும் வரிசைதான். ஏன் என்று விளக்குகிறேன்.

மூளைக்குப் போகும் ரத்தக் குழாய் அடைத்துக்கொண்டாலும் கை கால் விழும். குழாய் வெடித்து மூளைக்குள் ரத்தம் கசிந்தாலும் கை கால் விழும். வெளியிலிருந்து பார்த்து இரண்டையும் உறுதியாகப் பிரிக்க எந்த அனுபவசாலி மருத்துவராலும் முடியாது. ரத்த அழுத்தம் மிக அதிகம், தலைவலி, வாந்தி, மயக்கம் என்றால் கசிவாக இருக்கலாம் என்று ஊகிக்கலாம், அவ்வளவுதான். ஆனால் சிகிச்சையோ நேர் எதிர். அடைப்பு என்றால் கட்டியைக் கரைக்க வேண்டும். கசிவு உள்ளவருக்கு அதே மருந்தைக் கொடுத்தால் உயிர் போகலாம். 1971 அக்டோபர் 1 அன்று லண்டனின் விம்பிள்டனில் உள்ள அட்கின்சன் மார்லி மருத்துவமனையில் பொறியாளர் காட்ஃப்ரி ஹவுன்ஸ்ஃபீல்ட் உருவாக்கிய சிடி கருவியில் முதல் நோயாளிக்குத் தலை ஸ்கேன் எடுக்கப்பட்டது. அதற்கு முன்பு, உயிரோடு இருக்கும் மனிதரின் மூளைக்குள் கசிந்த ரத்தத்தை நேரடியாகப் பார்க்க வழியே இருக்கவில்லை. 1979-இல் ஹவுன்ஸ்ஃபீல்டுக்கு நோபல் பரிசு கிடைத்தது. இன்று பக்கவாதத்துக்குக் கொடுக்கும் ஊசி சிகிச்சை முழுக்க அந்தக் கண்டுபிடிப்பின் மேல்தான் நிற்கிறது.

ஆக, காலை எட்டு மணிக்கு அப்பாவை சிடி மேசையில் படுக்க வைத்தபோது அவருக்குப் பக்கவாதம் வந்திருக்கிறதா என்று யாரும் தேடவில்லை. அது கட்டிலருகிலேயே முடிவாகிவிட்டது. ஒரு நிமிடம் முன்பு வரை நன்றாக இருந்தவருக்கு வலது கை, கால், பேச்சு மூன்றும் ஒன்றாகப் போயிருந்தால் அது இடப்பக்க மூளையின் பிரச்சினை என்று சோதித்த மருத்துவருக்கு அப்போதே தெரியும். சிடியிடம் கேட்டது ஒரே ஒரு கேள்வி: ரத்தக் கசிவு இருக்கிறதா? புதிதாகக் கசிந்த ரத்தம் சிடியில் பளிச்சென்று வெள்ளையாகத் தெரியும். ஹவுன்ஸ்ஃபீல்ட் பெயரிலேயே உள்ள அளவுகோலில் தண்ணீர் பூஜ்யம், மூளையின் சாம்பல் பகுதி ஏறத்தாழ 40, உறைந்த புது ரத்தம் 60 முதல் 80 வரை. மூளைக்குள் கசிந்த ரத்தத்தை முதல் சில மணி நேரத்தில் சிடி தவறவிடுவது மிக அரிது. இல்லை என்றால் இல்லை. அந்தக் கேள்விக்கு அன்று காலை சரியான பதில் கிடைத்திருக்கிறது.

சரி, அடைப்பு ஏன் தெரியவில்லை? ரத்தம் நின்றதும் மூளைத் திசுவின் அடர்த்தி உடனே மாறிவிடுவதில்லை. பாதிக்கப்பட்ட இடத்தில் மெல்ல மெல்ல நீர் சேர வேண்டும். திசுவில் நீர் ஒரு சதவீதம் கூடினால் ஹவுன்ஸ்ஃபீல்ட் அளவு சுமார் இரண்டரை அலகு குறைகிறது. சாம்பல் பகுதிக்கும் வெண்பகுதிக்கும் இடையே இருக்கும் இயல்பான வித்தியாசமே பத்து அலகு அளவுக்குத்தான். முதல் ஒன்றரை மணி நேரத்தில் ஏற்படும் மாற்றம் கண்ணுக்கு எட்டாத அளவில்தான் பெரும்பாலும் இருக்கும். அதற்காக ஒன்றுமே தெரியாது என்றும் சொல்லிவிட முடியாது. பழகிய கண் சில இடங்களைத் தேடிப் பார்க்கும்: இன்சுலா என்ற மடிப்பின் ஓரக்கோடு மங்கியிருக்கிறதா, லென்டிஃபார்ம் என்ற உட்கருவின் விளிம்பு கரைந்திருக்கிறதா, மூளை மடிப்புகளுக்கு இடையிலுள்ள பள்ளங்கள் நெருங்கியிருக்கின்றனவா, நடுப் பெருமூளைத் தமனி கட்டியால் நிறைந்து வெள்ளை இழைபோல் தெரிகிறதா? கனடாவின் கால்கரி நகர மருத்துவர்கள் 2000-இல் இதை முறைப்படுத்தி, அந்தத் தமனி ஊட்டும் பகுதியைப் பத்தாகப் பிரித்து, பாதிக்கப்பட்ட ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு மதிப்பெண் கழிக்கும் ஆஸ்பெக்ட்ஸ் என்ற கணக்கைக் கொடுத்தார்கள். பத்துக்குப் பத்து என்றால் மூளை இன்னும் தாக்குப்பிடிக்கிறது என்று பொருள். ஆனால் ஒரே படத்தைப் பார்த்து ஒருவர் 9 என்பார், இன்னொருவர் 7 என்பார். இதில் அனுபவசாலிகளுக்குள்ளேயே கருத்து வேறுபாடு உண்டு. அதனால்தான் உங்கள் அப்பாவின் படத்தில் சின்ன அடையாளம் தவறிப்போயிருக்க வாய்ப்பே இல்லை என்று நான் சொல்லவில்லை. அப்படித் தவறியிருந்தாலும் ஊசி போடும் முடிவு மாறியிருக்காது என்று மட்டும் சொல்ல முடியும்.

எண்ணிக்கையிலும் ஒன்றைச் சொல்கிறேன். பக்கவாதமாக இருக்கலாம் என்ற சந்தேகத்தில் அவசரப் பிரிவுக்கு வந்தவர்களுக்கு சிடி, எம்ஆர்ஐ இரண்டையும் எடுத்து ஒப்பிட்ட ஓர் ஆய்வு 2007-இல் லான்செட் என்ற மருத்துவ இதழில் வந்தது. கடைசியில் பக்கவாதம் என்று உறுதியானவர்களில் சிடி அதைக் காட்டியது 26 சதவீதம் பேரிடம். எம்ஆர்ஐ காட்டியது 83 சதவீதம் பேரிடம். கசிவையும் சேர்த்த கணக்கு இது. ஆகவே அடைப்பு வந்தவருடைய முதல் சிடி ஒன்றும் காட்டாமல் வருவதுதான் இயல்பு. இன்னும் ஒரு படி மேலே போய்ச் சொல்வேன்: அந்த வெற்று சிடி உங்களுக்கு நல்ல செய்தி. ஒன்றரை மணி நேரத்திலேயே பெரும் பகுதி கறுத்துத் தெரிந்திருந்தால், காப்பாற்ற அதிகம் மிச்சமில்லை என்றும், ஊசிக்குப் பிறகு கசியும் ஆபத்து கூடுதல் என்றும் பயந்திருப்போம்.

ஊசியைப் பற்றிய உங்கள் பயம் நியாயமானது. 1995-இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வு ஒன்று, அறிகுறி தொடங்கி மூன்று மணி நேரத்துக்குள் அல்டிபிளேஸ் என்ற மருந்தைக் கொடுத்தால் மூன்று மாதம் கழித்து ஊனமின்றி, அல்லது மிகக் குறைந்த ஊனத்தோடு இருப்பவர்கள் கூடுகிறார்கள் என்று காட்டியது. அதே ஆய்வில், நிலைமையை மோசமாக்கும் மூளைக் கசிவு மருந்து பெற்றவர்களில் 6.4 சதவீதம் பேருக்கும், பெறாதவர்களில் 0.6 சதவீதம் பேருக்கும் வந்தது. இரண்டையும் எடை போட்ட பின்தான் இந்த சிகிச்சை உலகமெங்கும் ஏற்கப்பட்டது. 2008-இல் ஐரோப்பிய ஆய்வு ஒன்று அந்தக் கெடுவை நாலரை மணி நேரமாக நீட்டியது. இப்போது பல இடங்களில் டெனெக்டிபிளேஸ் என்ற மருந்தை ஒரே தவணையில் செலுத்திவிடுகிறார்கள். எந்த மருந்தானாலும், ஊசிக்கு முன் தெரிந்தாக வேண்டியவை அறிகுறி தொடங்கிய நேரம், சிடியில் கசிவு இல்லை என்பது, ரத்த அழுத்தம், ரத்தத்தை மெலிதாக்கும் மாத்திரை சாப்பிடுகிறாரா என்பது, அப்புறம் ரத்தத்தில் சர்க்கரை. சர்க்கரை மிகவும் இறங்கிப் போனாலும் பக்கவாதம் போலவே கை கால் விழும் என்பதால் கடைசியில் சொன்னது மிக முக்கியம். சிடியில் அடைப்பு தெரிய வேண்டும் என்பது இந்த நிபந்தனைகளில் இல்லவே இல்லை. சிடியில் ஒன்றும் இல்லை என்பதால்தான் ஊசி போட முடிந்தது.

இனி, எம்ஆர்ஐ முதலில் எடுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? எம்ஆர்ஐயில் டிஃப்யூஷன் என்று ஒரு வகைப் படம் உண்டு. திசுவில் நீர் மூலக்கூறுகள் எவ்வளவு தாராளமாக நகர்கின்றன என்பதை அது காட்டும். ரத்தம் நின்றதும் செல்லுக்குள்ளிருந்து சோடியத்தை வெளியே தள்ளும் பம்ப் ஓய்ந்துபோய், வெளியே இருந்த நீர் செல்லுக்குள் புகுந்து அடைபடுகிறது. அந்த இடம் டிஃப்யூஷன் படத்தில் வெள்ளையாக ஒளிரும். 1990-இல் மைக்கேல் மோஸ்லியும் அவர் குழுவும் பூனைகளில் இதைக் காட்டினார்கள். சிடிக்குப் பல மணி நேரம் பிடிப்பது டிஃப்யூஷனில் நிமிடக் கணக்கிலேயே தெரிகிறது. கசிவைக் கண்டுபிடிப்பதிலும், சரியான வகைப் படத்தை எடுத்தால், எம்ஆர்ஐ சிடிக்குச் சளைத்ததில்லை. பிரான்சில் பல பக்கவாத மையங்களில் முதல் ஸ்கேனே எம்ஆர்ஐதான். ஆகவே சித்தப்பா சொன்னதற்கு ஆதாரம் இல்லாமல் இல்லை.

ஆனால் அங்கெல்லாம் எம்ஆர்ஐ அவசரப் பிரிவுக்குப் பக்கத்திலேயே, ராத்திரி பகல் ஆளோடு, நோயாளி வந்ததும் காலியாகக் கிடைக்கும்படி வைத்திருக்கிறார்கள். தமிழ்நாட்டில் மாவட்டத் தலைமை மருத்துவமனை வரை சிடி இருக்கிறது. எம்ஆர்ஐ அந்த அளவுக்குப் பரவவில்லை. இருக்கும் இடத்திலும் உள்ளே ஒருவர் முதுகு ஸ்கேனுக்குப் படுத்திருப்பார். எம்ஆர்ஐ ஒரு பெரிய காந்தம் என்பதால், பேசமுடியாத நோயாளியின் உடம்பில் பேஸ்மேக்கரோ, பழைய உலோகக் கிளிப்போ, கண்ணில் இரும்புத் துகளோ இருக்கிறதா என்று வீட்டாரிடம் கேட்டு உறுதி செய்ய வேண்டும். அவர் அசையாமல் படுக்க வேண்டும். வாந்தி எடுத்தால் நிறுத்த வேண்டும். சிடி சில நொடிகளில் முடிந்துவிடும். பெரிய ரத்தக் குழாய் அடைபட்டவருக்கு நிமிடத்துக்கு 19 லட்சம் நரம்பு செல்கள் சாகின்றன என்று 2006-இல் ஜெஃப்ரி சேவர் கணக்கிட்டுச் சொன்னார். ஆளுக்கு ஆள் இது பெரிதும் மாறும் என்றாலும், அரை மணி நேரத் தாமதத்தின் விலை என்ன என்பதை அது உணர்த்துகிறது. உங்கள் அப்பா விஷயத்தில் அறிகுறி தெளிவு, நேரம் தெளிவு. எம்ஆர்ஐ எடுத்திருந்தாலும் அதே ஊசிதான், கொஞ்சம் தாமதமாக. சிடி எடுத்ததால் நேரம் வீணாகவில்லை. மிச்சமாகியிருக்கிறது என்பதே என் உறுதியான கருத்து.

எம்ஆர்ஐ உண்மையிலேயே முடிவை மாற்றும் இடங்கள் வேறு. ராத்திரி நன்றாகப் படுத்தவர் காலையில் கை விழுந்த நிலையில் எழுகிறார். எப்போது வந்தது என்று யாருக்கும் தெரியாது. முன்பெல்லாம் கடைசியாக நன்றாக இருந்த நேரத்திலிருந்து கணக்குப் போட்டு, கெடு முடிந்தது என்று ஊசியை மறுத்துவிடுவோம். டிஃப்யூஷன் படத்தில் பாதிப்பு தெரிகிறது, ஃப்ளேர் என்ற இன்னொரு வகைப் படத்தில் இன்னும் தெரியவில்லை என்றால், தொடங்கி நாலரை மணி நேரத்துக்கு மேல் ஆகியிருக்காது என்று இப்போது ஊகிக்க முடிகிறது. 2018-இல் வெளியான வேக்-அப் என்ற ஐரோப்பிய ஆய்வில் இப்படித் தேர்ந்தெடுத்து ஊசி போட்டவர்களில் 53 சதவீதம் பேர் நல்ல நிலைக்கு வந்தார்கள். போடாதவர்களில் 42 சதவீதம். பின்மூளை, மூளைத்தண்டு அடைப்பும் அப்படித்தான். கபால அடிப்பகுதியின் தடித்த எலும்பு சிடியில் அங்கே கோடு கோடாக மறைத்துவிடும். தலைசுற்றலும் தள்ளாட்டமுமாக வருபவருக்கு சிடி ஒன்றும் காட்டவில்லை என்று சொல்லி அனுப்பிவிடுவது ஆபத்து. எம்ஆர்ஐக்கும் அங்கே எல்லை உண்டு: முதல் ஒன்றிரண்டு நாளில் பின்மூளையின் சிறு அடைப்பு டிஃப்யூஷனிலும் தெரியாமல் போகலாம். இடைவிடாத தலைசுற்றலோடு வருபவரின் கண் அசைவை வைத்துச் செய்யும் சோதனை, பழகிய கையில், ஆரம்பகால எம்ஆர்ஐயைவிடக் கூடுதலாகக் கண்டுபிடித்தது என்று 2009-இல் ஓர் ஆய்வு காட்டியது. பிரசவமான சில வாரங்களில் கடுந்தலைவலியும் வலிப்பும் வரும் பெண்களை நம் நாட்டில் அடிக்கடி பார்க்கிறோம். அவர்களுக்கு அடைபடுவது மூளையிலிருந்து ரத்தத்தைத் திருப்பி எடுத்துவரும் சிரை. சாதாரண சிடியில் அது சுலபமாக ஒளிந்துகொள்ளும்; சிரைகளுக்கென்றே தனிப் படம் எடுக்க வேண்டும்.

நீங்கள் கேட்காத ஒரு கேள்வி இருக்கிறது. உங்கள் இடத்தில் இருந்தால் நான் அதைத்தான் முதலில் கேட்டிருப்பேன்: அன்று காலை சிடியோடு சேர்த்து சிடி ஆஞ்சியோ எடுத்தார்களா? கையிலுள்ள சிரையில் சாய மருந்தைச் செலுத்தி, நெஞ்சின் மேற்பகுதியிலிருந்து உச்சந்தலை வரை ரத்தக் குழாய்களைப் படம் பிடிப்பது அது. ஐந்து நிமிட வேலை. பெரிய குழாயில் நீளமான கட்டி உட்கார்ந்திருந்தால் ஊசி மட்டும் பெரும்பாலும் போதாது. தொடை வழியாகக் கம்பியும் குழாயும் செலுத்திக் கட்டியை வெளியே எடுக்க வேண்டும். 2015-இல் நெதர்லாந்து, கனடா, ஆஸ்திரேலியா, ஸ்பெயின் ஆய்வுகளும் பல நாடுகள் சேர்ந்து நடத்திய ஒன்றுமாக ஐந்து ஆய்வுகள் அடுத்தடுத்து வந்து இதை நிலைநிறுத்தின. அவற்றைச் சேர்த்து 2016-இல் போட்ட கணக்கின்படி, இரண்டு மூன்று பேருக்கு இந்தச் சிகிச்சை செய்தால் ஒருவருடைய ஊனம் ஒரு படியாவது குறைகிறது. மருத்துவத்தில் இவ்வளவு பலன் தரும் சிகிச்சைகள் மிகக் குறைவு. முன்பு சிறுநீரகச் சோதனை முடிவு வரட்டும் என்று ஆஞ்சியோவைத் தள்ளிப்போடுவார்கள். சிறுநீரக நோய் இருப்பதாகத் தெரியாதவருக்கு அப்படிக் காத்திருக்க வேண்டாம் என்பதுதான் இன்றைய அமெரிக்க வழிகாட்டுதல். வலப்பக்கம் முழுதும் விழுந்து பேச்சும் போயிருந்தால் பெரிய குழாய் அடைப்பு என்ற சந்தேகம் வலுவாக எழ வேண்டும். டிஸ்சார்ஜ் சம்மரியில் ஆஞ்சியோ பற்றிய வரி இருக்கிறதா பாருங்கள். இருந்து, பெரிய குழாய்கள் திறந்திருக்கின்றன என்று எழுதியிருந்தால் மனதை ஆற்றிக்கொள்ளலாம். இல்லையென்றால் ஏன் எடுக்கவில்லை என்று மரியாதையாகக் கேட்பதில் தவறில்லை. அங்கே வசதி இல்லாமல் இருந்திருக்கலாம், ஊசி போடும்போதே கை அசைய ஆரம்பித்திருக்கலாம். படம் பார்க்காத நான் இதற்குமேல் சொல்வது நியாயமாகாது.

கட்டியை எடுப்பதற்கு நேரம் இருக்கிறதா என்பதை இன்று கடிகாரம் மட்டும் முடிவு செய்வதில்லை. தலைவாய்க்கால் அடைபட்ட வயலை நினைத்துப் பாருங்கள். மதகுக்கு நேர் எதிரே உள்ள பயிர் முதலில் கருகும். ஓரத்தில் இருப்பது பக்கத்து வயலிலிருந்து கசியும் ஈரத்தில் வாடிய நிலையில் சில நாள் உயிரைப் பிடித்துக்கொண்டிருக்கும். மூளையிலும் அப்படியே. நூறு கிராம் திசுவுக்கு நிமிடத்துக்கு 50 மில்லி ரத்தம் வர வேண்டும். சுமார் 20-க்குக் கீழே இறங்கினால் செல் வேலையை நிறுத்திவிடும், ஆனால் சாகாது; 10-ஐ நெருங்கினால் சாகும். வேலை நின்று உயிர் இருக்கும் அந்த இடைப்பட்ட பகுதியை பெனம்ப்ரா என்கிறோம். பக்கத்துக் குழாய்களின் உதவி நன்றாக இருப்பவருக்கு அது பல மணி நேரம் தாங்கும். உதவி இல்லாதவருக்கு ஒரு மணி நேரத்திலேயே எல்லாம் முடிந்துவிடலாம். சாயம் மூளைக்குள் ஏறி இறங்கும் வேகத்தை அளந்து, செத்த பகுதி எவ்வளவு, வாடும் பகுதி எவ்வளவு என்று வண்ணத்தில் காட்டுவது பெர்ஃப்யூஷன் ஸ்கேன். இதுபோன்ற படங்களை வைத்து ஆள் தேர்ந்தெடுத்து, ஆறு மணி நேரம் முதல் 24 மணி நேரம் வரை தாமதமாக வந்தவர்களுக்கும் கட்டியை எடுத்த டான் ஆய்வில், பிறர் உதவியின்றி வாழும் நிலைக்கு வந்தவர்கள் 49 சதவீதம். எடுக்காத தரப்பில் 13 சதவீதம். 16 மணி நேரம் வரை பார்த்த டிஃப்யூஸ்-3 ஆய்வில் 45-க்கு 17. இரண்டும் 2018 மருத்துவ இதழ்களில் அச்சானவை.

இந்த இடத்தில் உறுதி குறைகிறது என்பதையும் சொல்ல வேண்டும். பெர்ஃப்யூஷன் படத்தில் சிவப்பாக வரும் ‘செத்த’ பகுதியை மென்பொருள் கணக்கிடுகிறது. இயல்பான பக்கத்தோடு ஒப்பிட்டு ரத்த ஓட்டம் 30 சதவீதத்துக்குக் கீழே போனால் செத்தது என்று வைத்துக்கொள்வது ஒரு மரபுதான். சீக்கிரம் வந்து சீக்கிரம் குழாய் திறக்கப்பட்டவர்களிடம், செத்ததாகக் காட்டிய பகுதி மறுநாள் உயிரோடு இருப்பதைப் பார்த்திருக்கிறோம். இதயம் பலவீனமானவருக்கு சாயம் மெதுவாக ஏறுவதால் கணக்கு குழம்பும்; தலையை அசைத்தாலும் குழம்பும். பாதிப்பு பெரிதாகிவிட்டது, இனி கட்டியை எடுத்துப் பயனில்லை என்று ஒரு காலத்தில் திருப்பி அனுப்பிய நோயாளிகளிடமும் பலன் இருக்கிறது என்று 2022-இல் ஜப்பானிலும் 2023-இல் சீனாவிலும் அமெரிக்காவை உள்ளடக்கிய பல நாட்டு ஆய்விலும் தெரியவந்தது. ஆகவே எந்தப் படம், எவ்வளவு விவரமாக, யாருக்கு எடுக்க வேண்டும் என்பதில் துறைக்குள்ளேயே விவாதம் நடக்கிறது. என் கருத்து, முதல் சில மணி நேரத்துக்குள் வந்தவருக்கு சாதா சிடியும் ஆஞ்சியோவும் போதும். அதற்கு மேல் படம் சேர்ப்பது பல நேரம் தாமதத்தைத்தான் சேர்க்கிறது. எதிர்க்கருத்து உள்ள நல்ல மருத்துவர்களும் இருக்கிறார்கள்.

மறுநாள் எம்ஆர்ஐயில் தெரிந்தது முதல் நாள் மறைந்திருந்த ஒன்று என்று எண்ண வேண்டாம். காலையில் தொடங்கிய பாதிப்பு 24 மணி நேரத்தில் எங்கே போய் நின்றது என்பதைத்தான் அது காட்டுகிறது. ஊசி போட்டும் பாதிப்பு வந்துவிட்டதே, ஊசி வேலை செய்யவில்லையா என்று கேட்டால், அதை அந்த ஒரு படம் சொல்லாது. ஊசி இல்லாதிருந்தால் எவ்வளவு பரவியிருக்கும் என்பதற்கு ஒப்பிட இன்னொரு அப்பா நமக்குக் கிடையாது. ஆறரைக்கு அசையாமல் கிடந்த கால் மூன்று வாரத்தில் நடக்கிறது என்பது கொஞ்சமேனும் காப்பாற்றப்பட்டதற்கான அறிகுறியாக இருக்கலாம். தானாகவே தேறும் பகுதியும் உண்டு என்பதால் இதற்குமேல் அழுத்திச் சொல்லமாட்டேன். ஊசி போட்ட மறுநாள் ஒரு ஸ்கேன் எடுப்பதே கசிவு ஏற்படவில்லை என்று பார்த்த பிறகு ஆஸ்பிரின் போன்ற மாத்திரையைத் தொடங்குவதற்காகத்தான். ‘ரிப்போர்ட் நார்மல்’ என்று ஒற்றை வரியில் வீட்டாரிடம் சொல்லிவிட்டுப் போகாமல், கசிவு இல்லை, அடைப்பு இவ்வளவு சீக்கிரம் சிடியில் தெரியாது, அதனால் ஊசி போடுகிறோம் என்று விளக்க அரை நிமிடம் போதும். அதைச் செய்திருந்தால் நீங்கள் இத்தனை நாள் இந்தச் சுமையைத் தூக்கியிருக்க வேண்டாம். அந்த விளக்கத்தைச் சொல்வது மருத்துவர்களான எங்கள் கடமை.

கடைசிக் கேள்விக்கு வருகிறேன். குணமாகிறாரா என்று பார்க்க மறுபடி எம்ஆர்ஐ வேண்டாம். செத்த பகுதி படத்தில் வடுவாக அப்படியே இருக்கும். பேச்சு திரும்புவது சுற்றியுள்ள பகுதிகளும் மறுபக்கமும் வேலையைக் கற்றுக்கொள்வதால், அதை வழக்கமான ஸ்கேன் அளந்து காட்டாது. இரண்டு மூன்று வாரத்தில் சிடி எடுத்தால் பாதிப்பு மங்கி, இயல்பாகிவிட்டது போலக்கூடத் தோன்றும். அது படத்தின் ஒரு கட்டம், குணமானதன் அடையாளம் இல்லை. அந்தப் பணத்தைப் பேச்சுப் பயிற்சிக்கும் பிசியோதெரபிக்கும் வையுங்கள், குறிப்பாக முதல் மூன்று மாதம். செய்யாமல் விட்டிருந்தால் செய்ய வேண்டிய சோதனைகள் வேறு: கழுத்து ரத்தக் குழாயில் அடைப்பு இருக்கிறதா, இதயத் துடிப்பு அவ்வப்போது ஒழுங்கு தவறுகிறதா என்று ஒரு நாளோ அதற்கு மேலோ பதிவு செய்து பார்ப்பது, இதயத்தை ஒலியலையால் படம் பிடிக்கும் எக்கோ. கட்டி எங்கிருந்து வந்தது என்பதைப் பொறுத்துத்தான் இனி எந்த மாத்திரை என்பது முடிவாகும். ஸ்கேன் ஃபிலிம் மட்டும் போதாது, படங்கள் முழுதும் உள்ள குறுந்தகட்டைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்; புதிதாகக் கை கால் பலவீனமோ பேச்சுக் குழறலோ வந்தால், கடைசியாக நன்றாக இருந்த நேரத்தைக் குறித்துக்கொண்டு அந்தக் குறுந்தகட்டோடு உடனே கிளம்புங்கள். அப்போதும் முதலில் சிடிதான் எடுப்பார்கள். எடுக்கட்டும்; கூடவே ஆஞ்சியோ உண்டா என்று மட்டும் கேளுங்கள்.